பத்து ரூபாய் டாப் அப்

மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. மன்னார்குடியில் இரவு பஸ் ஏறினால், ஒரு மணி அடித்து நின்றால் விழுப்புரம் தாண்டியாயிற்று, இரண்டு மணி என்றால் தாம்பரத்தில் இறங்கியாயிற்று, மூன்றுக்கு மேலும் விடாமல் அடித்தால் ஏதோ சேதி, எடுத்தே ஆக வேண்டும் என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒப்பந்தம். விடிகாலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் மணியை எண்ணிக்கொண்டிருப்பாள். தூக்கக் கலக்கத்தில் சித்தி பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால், “எடுத்துட்டியாடி, பிள்ளைக்குக் காசு போச்சே” என்று பதறுவாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கும். மணிகளின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கும்.

அதற்கும் முன்னால், செல்போன் என்பதே பார்த்து வியக்கிற பொருளாக இருந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்த வருடங்களில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும், வருகிற அழைப்புக்கும் காசு. அண்ணா சாலையில் இடுப்பு பெல்ட்டில் போனை மாட்டிக்கொண்டு நடந்த ஒருவர், அது மணியடித்ததும் எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து அங்கிருந்து திருப்பிப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்று அதே மாதிரி பூத்களில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி வரிசையில் நின்ற எனக்கு அப்போது அவர் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. லைசென்ஸுக்குப் போட்டி போட்டு ஏலம் கேட்டுவிட்டுக் கட்ட முடியாமல் திணறிய கம்பெனிகளை, 1999இல் வந்த புதிய கொள்கை, வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்று விடுவித்தது. விலை இறங்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய நாள் 2003 மே 1. அன்றிலிருந்து இன்கமிங் இலவசம். கூப்பிடுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும் என்று விதி மாறியதும், தச்சரும் கொத்தனாரும் மோட்டார் காயில் கட்டுபவரும் ஊர்ச் சுவர்களில் தங்கள் நம்பரைப் பெயிண்டால் எழுதினார்கள். கையில் பைசா இல்லாதவனையும் வேலை தேடி வந்து அடைய முடிந்தது. 2005 இறுதியில் 999 ரூபாய் ஒரே முறை கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங் என்றார்கள். சேமிப்பை எடுத்துக் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அம்மா வாங்கியது அதையல்ல, பத்து ரூபாய் டாப் அப். கடைத்தெருவில் ஜெராக்ஸும் போட்டுக்கொண்டு ரீசார்ஜும் செய்கிற ஒரு சின்னக் கடை. மேசை மேல் நீள நோட்டு, அதில் சணல் கயிற்றால் கட்டிய பேனா. நம்பர், கம்பெனி, தொகை என்று கோடு போட்டிருக்கும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து இலக்கங்களையும் தனித்தனியாகக் கோலப்புள்ளி வைப்பது போல எழுதுவாள். “என்னம்மா, வழக்கம்போல பத்தா?” என்பார் கடைக்காரர். போனில் ‘டிங்’ என்று மெசேஜ் வந்து, அவர் வாங்கிப் படித்து, ஏழு ரூபாய் சொச்சம் ஏறிவிட்டது என்று சொல்லும்வரை அவள் நகரமாட்டாள். ஸ்கிராட்ச் கார்டு வாங்கியவர்கள் வாசலிலேயே நின்று துளியும் மிச்சமில்லாமல் சுரண்டுவார்கள், படியெல்லாம் வெள்ளிப் பொடி கிடக்கும். பொங்கல், தீபாவளி அன்று எஸ்எம்எஸ் சலுகை கிடையாது என்பதால் போகிக்கு முந்தின இரவே வாழ்த்துகள் வந்து குவியும். 2009இல் நொடிக்கு ஒரு பைசா வந்தபோது, அதுவரை வாட்சைப் பார்த்துப் பேசியவர்கள் முதன்முறையாகச் சாவகாசமாக இழுத்துப் பேசினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை அப்போது மூன்று ஷிப்டும் ஓடியது. கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது.

நொடிக்கு ஒரு பைசா வந்த அந்த நாட்கள், ஒரு டஜன் கம்பெனிகள் ஒரே நேரத்தில் சிம் விற்ற நாட்கள். 2012இல் 2ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸ்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சையும் டேட்டாவையும் சில மாதங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. 1999இலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டு ஓய்ந்தது, நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஊரெல்லாம் போர்ட் எஸ்எம்எஸ் அனுப்பியது. மிஞ்சியது மூன்று தனியார் கம்பெனிகளும் பிஎஸ்என்எல்லும்தான்.

இன்றைக்குக் கிடைத்திருப்பது சின்ன விஷயமில்லை. பேத்தி தவழ்ந்ததை அம்மா மன்னார்குடியில் உட்கார்ந்தபடியே பார்த்தாள், கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா க்யூஆர் அட்டையை நீட்டுகிறார். ஆனால் 2018 கடைசியில் சத்தமில்லாமல் ஒன்று நடந்தது. மாதாமாதம் குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்று கம்பெனிகள் மெசேஜ் அனுப்பின. மாதம் என்பதும் 28 நாள், அதனால் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு தனியாரில் 28 நாளுக்கான தொடக்கத் திட்டமே 200 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1200. யாரையும் கூப்பிடாத, வருகிற போனை எடுக்க மட்டும் தெரிந்த ஒரு பாட்டி, அதில் ஆறில் ஒரு பங்கைத் தான் தொடவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு இது தெரியாமலில்லை. 2024 டிசம்பரில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. பத்து ரூபாய் டாப் அப் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. திட்டங்கள் வந்தன. 84 நாள், ஒரு வருடம் என்று, சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் மொத்தமாகக் கட்ட வேண்டியவையாக. பத்து ரூபாய் டாப் அப்பும் இருக்கிறது, அதே ஏழு ரூபாய் சொச்சம் ஏறுகிறது. அதனால் ஒரு நாள் வேலிடிட்டிகூடக் கூடுவதில்லை. இப்போது அம்மாவுக்கு நான்தான் சென்னையிலிருந்து ஆப்பில் கட்டுகிறேன். கட்டி முடித்துச் சொன்னால், “எவ்வளவு ஆச்சு தம்பி?” என்று கேட்பாள், தொகையைச் சொன்னதும் சற்று நேரம் கழித்து, “முன்னெல்லாம் நானே போட்டுக்குவேன்” என்பாள்.

கட்டிக்கொடுக்கப் பிள்ளை இல்லாதவர்களும் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். அழைப்பு வந்து சேர மட்டும், சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய விலையில், முழுதாக ஒரு மாதம் ஓடுகிற திட்டம் ஒன்று அவர்களுக்கு வேண்டும். பத்து ரூபாய் டாப் அப்பை விடாமல் வைத்திருக்கச் சொன்ன அதே டிராய், அதற்கு வேலிடிட்டியும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தாலே போதும்.