அழுத்திப் பார்த்தல்: அறிவியல் மையத்தில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை

அறிவியல் மையத்துக்குள் நுழையும் ஒரு குடும்பம், பொத்தானை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க நிற்குமா, நிற்காதா? இக்கட்டுரை ஆராயப் புகுவது இதையே. களம், நம்மூர் அறிவியல் மையம் ஒன்று. ஆய்வு அறம் கருதி அதன் பெயர் மறைக்கப்படுகிறது. அடுத்த முறையும் உள்ளே விட வேண்டுமே என்பது துணைக் காரணம். காலம், முழுப்பரீட்சை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தகவலாளர்கள் என் அம்மா, அண்ணன், அண்ணி, நாலாம் வகுப்பு முடித்திருக்கும் அவர்கள் மகன். மாதிரி போதாது என்று ஆட்சேபிக்கிறவர்கள் இந்த நால்வரோடும் ஒரே ஆட்டோவில் போய்த் திரும்பிவிட்டுப் பேசலாம்.

முன்னோர் செய்த பணியைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. அருங்காட்சியகம் என்றாலே கண்ணாடிப் பெட்டி, ‘தொடாதீர்கள்’ பலகை என்றிருந்த காலத்தில், ஓஸ்கர் ஃபான் மில்லர் 1903இல் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியத்தைத் தொடங்கினார். பொத்தானை அழுத்தலாம், கைப்பிடியைச் சுற்றலாம், இயந்திரம் ஓடும். 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் திறந்தவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. அந்தத் திட்டத்தில் அண்ணனோடு தானும் வேலை பார்த்து, பிறகு அரசியல் கெடுபிடியில் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு இதற்கு வந்தவர். எல்லாரும் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடி தொல்காப்பியர் என்பது என் துணிபு. மரபியலில் அவர் உயிர்களை அறிவால் அடுக்குகிறார். முதலில் தொடுதல், பிறகு நாக்கு, மூக்கு, கண், காது, கடைசியில் மனம். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, மனிதருக்கு ஆறு. அறிவியல் மையத்துக்கு வரும் குடும்பம் நுழைவுச்சீட்டை வாங்கியதும் ஓரறிவில் இறங்கி, மாலைக்குள் இதே வரிசையில் மெல்ல ஏறி வருகிறது. இதுவே என் கருதுகோள்.

ஓரறிவு நிலைக்குத் தரவு குவிந்து கிடந்தது. பையன் முதல் கூடத்தில் அழுத்திய பொத்தான்களை எண்ணத் தொடங்கினேன். முப்பதைத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டேன். அவன் அழுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடுவான். விளக்கு அதற்குப் பிறகுதான் எரியும், சக்கரம் அதற்குப் பிறகுதான் சுழலும். அதைப் பார்ப்பவர் பின்னால் வந்த, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர். வினைமுதல் ஒருவர், பயன் வேறொருவருக்கு. ‘பழுது’ என்று தாள் ஒட்டிய பொத்தான்களிடம் மட்டும் பையன் நின்றான். முதலில் கட்டைவிரல், அடுத்து உள்ளங்கை, அப்புறம் முழங்கை. வேலை செய்யாத கருவியே பார்வையாளரை அதிக நேரம் நிறுத்தி வைக்கிறது என்பது இந்த ஆய்வின் துணை முடிவு.

அப்பாக்கள் என்ற இனம் தனி ஆய்வுக்கு உரியது. மேட்டை நோக்கித் தானாக உருண்டு ஏறும் இரட்டைக் கூம்பு ஒன்று அங்கே இருந்தது. உண்மையில் அது ஏறுவதில்லை. தண்டவாளங்கள் இரண்டும் மேடு பக்கம் போகப்போக விலகுகின்றன. கூம்பு அந்த இடைவெளியில் அமிழ்கிறது. அதன் ஈர்ப்பு மையம் கீழேதான் இறங்குகிறது. இதைப் படம் போட்டு விளக்கும் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்ற அண்ணன், “உள்ள காந்தம் வச்சிருக்கான்டா” என்றான். அடுத்து, வரிசையாகத் தொங்கும் இரும்புக் குண்டுகளில் ஒன்றை இழுத்து விட்டால் மறுமுனையில் ஒன்று மட்டும் எகிறியது. அதுவும் காந்தம்தான்.

நாக்கும் மூக்கும் மதியம் புல்தரையில் ஒன்றாகவே விழித்துக்கொண்டன. புளியோதரை, வடகம். அம்மா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். அதை அப்போதே நான் குறித்து வைத்திருக்க வேண்டும்.

தொல்காப்பிய வரிசைப்படி அடுத்தது கண். களத்தில்தான் இடறியது: காது முந்திக்கொண்டது. வெளியே தோட்டத்தில் ஆள் உயரத் தட்டுகள் இரண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. என் நடையில் 24 எட்டு; ஏறக்குறைய 17 மீட்டர். பரவளைய வடிவம். ஒரு தட்டின் குவியத்தில் வாயை வைத்துக் கிசுகிசுத்தால், சிதறிப் போக வேண்டிய ஒலி தட்டில் பட்டு இணையாகக் கிளம்பி, எதிர்த்தட்டில் மோதி, அதன் குவியத்தில் வந்து கூடும். நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு நொடிப் பயணம். மின்சாரம் வேண்டாம், பொத்தான் இல்லை, ஆகவே பழுதும் இல்லை.

பேரன் எதிர்த்தட்டுக்கு ஓடினான். அம்மா இந்தப் பக்கத் தட்டின் முன் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ஓதினாள்: “உங்கம்மா புளியோதரையில உப்பே போடலடா. சொல்லிடாத.”

பையனோ பாதி வழியிலேயே ஊஞ்சலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். எதிர்த்தட்டில் கால் ஓய உட்கார்ந்திருந்தவள் அண்ணி. இருபதில் ஒரு பங்கு நொடி. அப்புறம் கொஞ்சம் கூடுதலான ஒரு அமைதி. பிறகு தட்டுக்குள்ளிருந்து, காதோரத்தில் சொன்னதுபோல, தெளிவாக வந்தது:

“சரிங்க அத்தை. அடுத்த வாட்டி போடறேன்.”

அம்மா எழுந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விளக்கப் பலகையின் முன்னால் போய் நின்றாள். அன்று எங்கள் குடும்பத்தில் ஒரு பலகையை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். தமிழை இரண்டு தடவை படித்தாள். பிறகு, தெரியாத ஆங்கிலத்தின் மேலும் விரலை ஓட்டினாள்.

“எந்தக் கட்டையில போறவன்டா இதைக் கண்டுபிடிச்சான்?” என்றாள்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உள்ள காந்தம்மா” என்றான்.