கடலுக்கு முதுகு காட்டி

பாலித் தீவின் சாங்கு கடற்கரையில் உலகத்து லேப்டாப்புகள் பல தஞ்சம் புகுந்திருக்கின்றன. கையில் இளநீர், மடியில் கணினி, பின்னணியில் அலை என்று, எங்கிருந்தும் வேலை பார்க்கும் அவற்றின் சொந்தக்காரர்கள் படம் போடுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் கதை வேறு. உச்சி வெயிலில் திரையில் தெரிவது எக்செல் அல்ல, சொந்த முகம். போதாததற்கு மணல், உப்புக்காற்று. ஆகவே ஏசி போட்ட காபிக் கடையில் பிளக் பாயிண்ட் உள்ள மூலையைப் பிடித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலாளி நியூயார்க்கில் இருந்தால் இன்னும் விசேஷம். அவருக்குக் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9 அல்லது 10. ஊர் உறங்கும்போது மீட்டிங், சூரியோதயத்தில் படுக்கை.

இந்தப் பாக்கியமும் சும்மா கிடைக்காது. பாலி இருக்கும் இந்தோனேசியாவில் இப்படி வேலை பார்ப்போருக்கான ஓராண்டு விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும். இதே ரகத்தில் தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசாவுக்கு 5 லட்சம் பாட் கையிருப்பு வேண்டும். பற்றற்றுத் திரியவும் பேங்க் ஸ்டேட்மெண்ட்!

பாலி இந்துக்களின் புத்தாண்டான நியெப்பி அன்று தீவே மௌன விரதம். விமான நிலையம் மூடல், தெருவில் நடமாட்டம் இல்லை. 2018 முதல் மொபைல் டேட்டாவும் நிறுத்தம். அமைதி தேடி வந்தவர்களில் சிலர் முந்தின நாளே பக்கத்துத் தீவுக்குப் படகேறிவிடுகிறார்கள். அமைதி வேண்டாமென்று யார் சொன்னது? சிக்னலோடு கொடுங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான்.