குதிரையும் கொள்ளும்

மிச்சிகனில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் அவருடைய கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் வீட்டு வேலைகளை நான் மறந்துவிடுவேன். மனைவி மறக்க மாட்டாள். உள்ளே நிற்பது 1987 ப்யூக் கிராண்ட் நேஷனல். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு.

ப்யூக் என்றால் பல் டாக்டரும் பாதிரியாரும் நிதானமாக ஓட்டிப் போகிற வண்டி என்றுதான் பெயர். அந்தக் கம்பெனிக்கு என்ன வேகம் வந்ததோ, 3.8 லிட்டர் வி6 இன்ஜினில் டர்போவும் இன்டர்கூலரும் மாட்டி 245 குதிரைத்திறனை வரவழைத்துவிட்டது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டுச் செல்லப்பிள்ளையான கார்வெட், 5.7 லிட்டர் வி8 வைத்துக்கொண்டும் அந்த வருஷம் 240தான். போகிற போக்கில் ஜிஎன்எக்ஸ் என்று 547 வண்டிகள் வேறு செய்தார்கள். காகிதத்தில் 276 என்று அடக்கமாகப் போட்டார்கள். அந்த அடக்கத்தை நம்பியவர்கள் குறைவு.

"245 போதாதா?" என்று கேட்டேன். "போதும் என்கிறவன் டர்போ வாங்க மாட்டான்" என்றார்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். டர்போ என்றால் இவ்வளவுதான். அமுக்கம் மிஞ்சாமலிருக்க வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு. அதைப் பிடித்திருக்கும் கம்பியைத் திருகிக் கொஞ்சம் குட்டையாக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் என்கிற அந்த அமுக்கம் ஏறும். தேவை ஒரு ஸ்பேனர். "இரண்டே சுற்று" என்றார்.

குதிரை மலிவு, கொள்ளுதான் விலை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் கலவை நேரங்கெட்ட நேரத்தில் தானாகவே வெடிக்கும். நாக்கிங். விட்டால் ஹெட் கேஸ்கட் போகும், இன்னும் விட்டால் பிஸ்டன். எனவே பெரிய இன்ஜெக்டர். அதற்கு ஈடுகொடுக்கப் பெரிய பம்ப். அது டேங்குக்குள் குடியிருப்பதால் டேங்கையே இறக்கவேண்டும். இன்ஜெக்டர் மாறிய சேதி வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவர் கால் நீட்டும் மூலையில் ஒளிந்திருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து சிப்பையும் மாற்றவேண்டும். என் வேலை டார்ச் பிடிப்பது. கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா வந்தவனுக்கு 1987-ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டருக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். ஊரில் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு மறுபடி நாக்கிங். பங்கில் கிடைக்கிற 93 ஆக்டேன் பெட்ரோல் அந்தப் பூஸ்டுக்குத் தாங்கவில்லை. அதற்கும் வைத்தியம் உண்டு: மெத்தனாலையும் தண்ணீரையும் கலந்து உள்ளே போகும் காற்றில் பீய்ச்சுவது. அது ஆவியாகும்போது காற்று குளிரும். வித்தை பழசு. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இதோடுதான் விற்பனைக்கு வந்தது. 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பட்டாபிஷேகப் பெயர். உள்ளே இருந்தது இதே கலவைதான். வாங்கியவர்கள் நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரை மாட்டி அனுப்பினார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் மறக்கிற ஜாதி இல்லை. குளிர்காலத்தில் கார்க் கண்ணாடி கழுவ இங்கே நீலத் தண்ணீர் ஒன்று விற்கிறார்கள். உறையாமலிருக்க அதிலும் மெத்தனால் உண்டு. அவர் அதைக் கேன் கேனாக இன்ஜினுக்கு வாங்கி அடுக்கியிருக்கிறார். போன பனியில் என் வண்டிக் கண்ணாடி முழுக்கச் சேறு. கடையில் நீலத் தண்ணீர் காலி. அவரிடமே கடன் கேட்டேன். அரை மனதாக அரைக் கேன் கொடுத்தார்.

"பார்த்துத் தெளி. அதில் இருபது குதிரை இருக்கிறது" என்றார்.