பயோ மைனர்

பெட்டாலிங் ஜெயாவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மூன்றாவது வரிசையில் இவளைப் பார்க்கலாம். "பாப்பா என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால் அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வார். "அக்கவுண்டிங்தான். ஆனா பயோவும் எடுக்குது." முதல் வாக்கியம் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. இரண்டாவது மணவறை வரை கேட்கும்.

எஸ்.பி.எம். தேர்வில் பயோவுக்கு ஏ பிளஸ் வந்த அன்றே வீட்டில் அவளை டாக்டராக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது மலேசியத் தமிழ் வீடுகளுக்குப் பழகிப்போன கதை. மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்கவில்லை. தனியார் மருத்துவக் கல்லூரியின் கட்டணத்தைப் பார்த்த அப்பா, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்; பூஜ்யம் குறையவில்லை. ரஷ்யா என்றதும் பாட்டி "குளிரு" என்றார். இந்தோனேசியா என்றதும் மாமா "அந்தப் பட்டத்தை இங்க ஏத்துக்குவானா?" என்றார். கடைசியில் சுபாங் ஜெயா, சன்வே பக்கம் பெயர்போன அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் கணக்கியல் சேர்ந்தாள். சில ஆண்டுகள் இங்கே, மிச்சம் அமெரிக்காவில். அந்தப் பட்டத்தில் ஒரு வசதி உண்டு. மொத்தம் 120 கிரெடிட் என்றால், அதில் பதினெட்டு இருபதை இன்னொரு துறையில் எடுத்துக்கொள்ளலாம். அதுதான் மைனர். உறவுக்காரர்களின் கணக்கில் அந்தப் பதினெட்டு, மிச்சம் நூற்றிச் சொச்சத்தை எப்போதோ விழுங்கிவிட்டது.

வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தால் இவளுக்கு மயக்கம் வரும். படிவம் ஐந்தில் ரத்த வகை சோதனை செய்தபோது, ஊசி குத்தியது பக்கத்து மேசைக்காரியின் விரலில், சாய்ந்தது இவள். மெட்ரிகுலேஷன் கைவிட்டதற்கு அம்மா பத்துமலையில் நின்று அழுதார். இவள் அதே முருகனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, படிப்பது என்னவோ ஆசையாகத்தான். முதல் செமஸ்டரில் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததிலிருந்து சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலை இவளுடையதாகிவிட்டது. உரிப்பதைவிட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அதிகம் என்பதால் சாம்பார் தாமதமாகும். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் 1974-இல் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தானாகவே போய் வருவாள். கணக்கியல் பாடத்துக்கு யாரும் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போனதாகத் தகவல் இல்லை.

இவளோடு மாமாக் கடைக்குப் போவதற்குத் துணிச்சல் வேண்டும். தே தாரிக் மேசைக்கு வந்ததும் பாடம் ஆரம்பமாகும். கெட்டிப் பாலில் எவ்வளவு சர்க்கரை, அதைக் கண்டதும் கணையம் என்ன பாடுபடும், இன்சுலினை உடம்பு ஏன் மதிக்காமல் போகும் என்று வரிசையாக வரும். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக எண்ணுவாள். விரல் ஐந்தாவது ஆளிடம் நிற்கும். அந்த ஐந்தாவது சித்தப்பா கிளாஸை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு "கோப்பி ஓ, குராங் மானிஸ்" என்று சர்க்கரை குறைத்த கறுப்புக் காப்பிக்கு மாறுவார். பாடம் முடிந்த களைப்பில் இவள் தனக்கு ஒரு ரொட்டி போம் சொல்லுவாள், சர்க்கரை தூக்கலாக.

டுரியான் சீசனில் எஸ்.எஸ். 2 பழக்கடைகளில் இன்னும் மோசம். முசாங் கிங் பழத்தின் மரபணுத் தொகுதியை 2017-இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் முழுசாகப் படித்துவிட்டார்கள்; அதில் சுமார் 46,000 மரபணு, மனிதனுக்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு; அந்த நாற்றத்துக்குக் காரணமே கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்கள்தான் என்பதையெல்லாம் கடைவாசலில் நின்று விளக்குவாள். நம் கிளந்தான் பழத்தைச் சிங்கப்பூர்க்காரன் படித்துவிட்டானே என்று அப்பாவுக்கு வருத்தம். டுரியான் பூவுக்கு வௌவால்தான் மகரந்தம் சுமக்கிறது, பத்துமலைக் குகை வௌவால்கூட அந்த வேலை செய்கிற இனம்தான் என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போகும்போது, கையில் கத்தியோடு நின்ற சீனக் கடைக்காரர், "நாக் மாக்கான் கா, நாக் பெலாஜார்?" என்று கேட்டார். தின்ன வந்தியா, படிக்க வந்தியா என்று கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. பின்னால் வரிசை ரோடு வரை போயிருந்தது.

டிங்கி காலத்தில் மட்டும் இவளுக்கு வீட்டில் பதவி உயர்வு கிடைக்கும். புகை அடிக்கிறவர் வந்து போனதும் பாட்டி நிம்மதியாகக் கதவைத் திறப்பார். "பாட்டி, புகையில பெரிய கொசுதான் சாகும், தண்ணியில இருக்கிற புழு சாகாது" என்று இவள் துளசிச் செடிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கவிழ்ப்பாள். அது சரிதான். ஆனால் இவளுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது. வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களைக் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஆறு இடங்களில் விட்டார்கள், அங்கெல்லாம் டிங்கி 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் கட்டுரை வந்தது என்றாள். பாட்டிக்கு அதில் ஒன்றுதான் காதில் ஏறியது. "கொசுவ வளத்து விடுறானுங்களா? கவர்மெண்டா?" அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்றைக்கும் ஓயவில்லை, துளசித் தட்டில் தண்ணீரும் திரும்ப வந்துவிட்டது.

உருப்படியாக ஒன்று நடந்தது பெரியம்மா வீட்டில். பேரன் பிறந்து ஒரு வாரம். ஸ்பிரிங் மாட்டித் தூளி கட்ட, பெரியம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். முப்பது வருஷ அந்துருண்டை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. "ஐயோ, அதுல பிள்ளைய போடாதீங்க!" என்று இவள் கத்தினாள். பட்டுப்புடவையைக் குறை சொன்னதாக நினைத்துப் பெரியம்மா முகம் சுருங்கியது. "எங்கம்மா வாங்கிக் குடுத்தது" என்று மூக்கை உறிஞ்சினார். இவளோ புடவையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி கொடுத்த புத்தகத்தைக் கேட்டாள். மலேசிய மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு பார்ப்பது நெடுநாள் வழக்கம். புத்தகத்தைப் புரட்டினால், குறைபாடு உண்டு என்று எழுதியே இருந்தது. முத்திரையும் இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நொதி குறைந்த பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன் பட்டால் சிவப்பணு உடையும், மஞ்சள் காமாலை ஏறும். புடவை திரும்ப அலமாரிக்குப் போனது. தூளிக்குப் பெரியப்பாவின் பழைய பருத்தி வேட்டி வந்தது. "எங்க வீட்டு டாக்டர் சொன்னா" என்று பெரியம்மா கிள்ளான் வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். புடவை விஷயத்தில் மட்டும் இன்னும் லேசான கோபம் இருக்கிறது.

நிஜ டாக்டர் ஒருவரும் குடும்பத்தில் உண்டு. எதைக் கேட்டாலும் "ரத்தம் எடுத்துப் பாப்போம்" என்பதோடு அவர் பேச்சு முடியும். உயிரியலையே முழுப் பாடமாகப் படித்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். கறையானின் குடலில் இருக்கும் ஒரே ஒரு பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டால் பேசுவான், மற்றதெல்லாம் "என் ஏரியா இல்ல" என்பான். ஆழமாகப் படித்தவர்களிடம் இந்தத் தொல்லை உண்டு; கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. பதினெட்டு கிரெடிட்காரியிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

நிஜமான நோய் வந்து நிற்கும்வரை. பாட்டி ஒருநாள் புடவையைக் கணுக்கால் வரை தூக்கி, "இந்த வீக்கம் என்னன்னு பாரும்மா" என்றார். இவள் இரண்டடி பின்வாங்கினாள். "பாட்டி, நான் அக்கவுண்டிங் படிக்கிறேன்."

அந்தப் பதிலைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமாவுக்கு முகம் மலர்ந்தது. ஏப்ரல் மாசம். உள்ளே போய் வருமான வரிக்கான இ.ஏ. பாரத்தையும், ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளையும் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

"மாமா, நான் பயோ" என்றாள்.