முகூர்த்தம் காத்திருக்காது: மயிலாப்பூர் கல்யாணக் கேள்வி-பதில்

பெண்ணின் அப்பா, வடக்கு மாட வீதி: முகூர்த்தம் காலை 7.30 – 9. பெண் எத்தனை மணிக்கு எழுந்தால் போதும்?

தாலி கட்டும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். 8.30-க்குத் தாலி என்றால், கன்னிகாதானத்துக்கு 7.45-க்காவது மணையில் உட்கார வேண்டும். மாலை மாற்றல், ஊஞ்சல், பச்சைப்பிடி சுற்றல் எல்லாம் சேர்ந்து முக்கால் மணி, ஆக 7.00. காசி யாத்திரை 6.40. விரதம் 5.15. அதற்கு முன் குளியல், காபி, அலங்காரம், தலை பின்னிப் பூ வைக்க இரண்டு மணி நேரம். அலாரம் 3.15-க்கு! "நல்ல நாள் பாத்தேளே, நல்ல தூக்கம் பாத்தேளா?" என்று பெண் கேட்பாள். முதல் நாள் ரிசப்ஷனை ராத்திரி பதினொரு மணிவரை இழுக்காமல் இருந்தால் அதுவே பதில்.

மாப்பிள்ளையின் மாமா, மந்தைவெளி: எவ்வளவு திட்டம் போட்டாலும் நேரம் எங்கே நழுவுகிறது?

முதல் இடம், உங்கள் தோள்! மாலை மாற்றலில் மாப்பிள்ளையை நீங்களும், பெண்ணை அவள் மாமாவும் தூக்கிக்கொண்டு விளையாடும்போது யாருக்கும் மணி தெரிவதில்லை. மூன்று தடவை மாலை மாற்றியதும் இறக்கிவிடுங்கள், இடுப்புக்கும் நல்லது. இரண்டாவது, கூறைப்புடவை. கன்னிகாதானம் முடிந்து, தாலிக்குச் சற்று முன் பெண் உள்ளே போய் ஒன்பது கஜத்தில் மடிசார் கட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் "மடிசார் கட்டத் தெரிந்த மாமி எங்கே?" என்று தேடுவார்கள். மாமி டிபன் பந்தியில் இருப்பார். அவர் பெயரையும் நிரலில் எழுதி, முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

மணப்பெண், லஸ்: தாலி ஏறும்வரை சாப்பிடக் கூடாது என்கிறார்கள். மயக்கம் வந்தால்?

இந்தக் கேள்வியைப் பாட்டியிடம் கேட்காதீர்கள், நேராக வாத்தியாரிடம் கேளுங்கள். பால், பழம், காபிக்குப் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். உண்மையான பட்டினி அதற்குப் பிறகுதான். சப்தபதி, அம்மி, பொரியிடுதல், ஆசீர்வாதம், குடும்பம் குடும்பமாகப் போட்டோ என்று முடியும்போது ஊரே சாப்பிட்டு வெற்றிலை போட்டிருக்கும். "11.45: மணமக்கள் இலையில் உட்கார வேண்டும்" என்று நிரலில் கொட்டை எழுத்தில் போடுங்கள். அவர்கள் சாப்பிடும் பதினைந்து நிமிடம் கேமராவுக்கு விரதம்.

பெண்ணின் சித்தி, அபிராமபுரம்: ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபமே கிடைக்கவில்லை. திங்கள் பரவாயில்லையா?

ஞாயிறு கிடைக்காததற்கு லீவு மட்டும் காரணமில்லை. அன்றைக்கு ராகு காலம் மாலை 4.30 – 6, எமகண்டம் பகல் 12 – 1.30, காலைப் பொழுது முழுக்கக் காலி. திங்களில் ராகு காலம் 7.30 – 9, எமகண்டம் 10.30 – 12. ஜோசியர் சம்மதித்தால் 6 – 7.30, அல்லது 9 – 10.30. இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெண் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்குவாள். ஆபீஸ் போகிறவர்கள்? மாலை ரிசப்ஷனுக்கு வருவார்கள். சாப்பாட்டை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாப்பிள்ளை, ஆழ்வார்பேட்டை: திறந்த காரில் மாட வீதியைச் சுற்றி ஜானவாசம் வர ஆசை. முடியுமா?

பங்குனியில் கல்யாணமென்றால் முதலில் கபாலீஸ்வரர் கோயில் நிரலைப் பாருங்கள். பத்து நாள் பெருவிழாவில் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர், வீதி அவர்களுடையது. கபாலீஸ்வரருக்கும் திருக்கல்யாணம் உண்டு, ஊர்வலமெல்லாம் முடிந்து கடைசி நாளில்! உங்களுக்கு அந்த வசதி கிடையாது. மற்ற மாதங்களில் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை வாருங்கள். அரை மணி போதும். மெட்ரோ வேலைக்காக எந்தத் தெரு ஒருவழி என்பதை அந்த வாரமே ஒரு முறை சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.

நாதஸ்வர ரசிகர், கச்சேரி ரோடு: தாலி கட்டும்போது போட்டோகிராபர் "இன்னொரு தடவை, சார்" என்கிறாரே?

முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டு நாத்தனார் என்பதுதான் பல வீட்டு வழக்கம். நாலாவது முடிச்சு கேமராவுக்கு என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. முந்தின நாளே வாத்தியாரையும் போட்டோகிராபரையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வையுங்கள். யார் எங்கே நிற்பது என்று அப்போதே தீர்ந்துவிடும். வாத்தியார் விரலை உயர்த்தினால் கெட்டி மேளம். அதற்கு மேல் யார் பேசினாலும் காதில் விழாது.

கல்லூரி மாணவி, அடையாறு: காலை ஒன்பதரை மணிக்கு அருந்ததி எப்படித் தெரியும்?

தெரியாது. வாத்தியார் மண்டபக் கூரையைக் காட்டுவார், இருவரும் பக்தியோடு மின்விசிறியைப் பார்ப்பார்கள். நிஜமாகவே பார்க்க ஆசையென்றால், சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாக இருப்பதுதான் அருந்ததி. வைகாசியில் இரவு 9 மணிவாக்கில் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்க்கலாம். தையில் நடுநிசியாகும். ஐப்பசியில் விடிவதற்குச் சற்று முன் எழுந்திருக்க வேண்டும். கல்யாண அலாரத்தையே அடுத்த நாளைக்கும் வைத்துவிடலாம்!

மாப்பிள்ளையின் அண்ணன், தி.நகர்: ரிசப்ஷன் 6.30 முதல். 400 பேர். எத்தனை மணிக்கு முடியும்?

ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலே 200 நிமிடம்: 3 மணி 20 நிமிடம். நாலு நாலு பேராக, ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிடம் என்று ஏற்றினால் 100 நிமிடத்தில் முடியும். நடுவில் பத்து நிமிடம் இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஆனால் பெண் 7.45-க்கு மேடையேறினால் என் கணக்கும் மாறும், பந்தியும் தலைகீழாகும்.

பகுத்தறிவாளர், ராயப்பேட்டை: இத்தனை சடங்கும் வேண்டாமென்றால்?

மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். அண்ணா ஆட்சியில் 1967-இல் வந்த சட்டத்திருத்தப்படி சுயமரியாதைத் திருமணம் செல்லும். கல்யாணம் ஐந்து நிமிடம். வாழ்த்துரைக்கு மட்டும் கடிகாரத்தோடு ஓர் ஆளைப் போடுங்கள்.

பெண்ணின் அம்மா, சாந்தோம்: எல்லாம் முடிந்த பிறகு மறந்துபோவது எது?

பதிவு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதமானாலும் தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். இரண்டு பத்திரிகையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் தவிப்பார்கள்.

அதே அம்மா: இந்த நிரலை யார் கையில் கொடுப்பது?

சத்தம் போடாமல் வேலை வாங்கத் தெரிந்த ஒரு சித்தப்பாவிடமோ அத்தையிடமோ. சமையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் ஒவ்வொரு பிரதி. உங்கள் கையில் வேண்டாம், நீங்கள் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். மணமக்களிடம் வேண்டவே வேண்டாம். அன்றைக்காவது அவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பார்க்கட்டும்.