ஃபோர்-ஓ-வன் மாமா

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாத்தளை டவுனுக்குள் இறங்குவதற்கு இரண்டு கிழமை முன்பே அவர் வந்து இறங்கிவிடுவார். கனடாவில் அப்போது பனி. ஒரு நாள் தூங்கி எழுந்து, ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுப் படியெல்லாம் ஏறி, சொக்லேட் பைகளைக் கொடுத்து முடித்த கையோடு வாடகைக்கு வேன் தேடுவார். "டிரைவரோட தர்றோம் ஐயா, கொஞ்சம்தான் கூட வரும்" என்பார் வேன்காரர். மாமா ஒரு சிரிப்புச் சிரிப்பார். எந்தக் கூட்டத்திலும் அந்தச் சிரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

"தம்பி, நான் முப்பது வருசமா ஃபோர்-ஓ-வன்ல ஓட்டுறவன்."

ஃபோர்-ஓ-வன் என்பது டொரொன்டோவைக் குறுக்கே கடந்து போகும் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை. வட அமெரிக்காவிலேயே நெரிசல் மிகுந்த பாதைகளில் ஒன்று. சில இடங்களில் 18 லேன் வரை விரியும். மாத்தளை திருகோணமலை வீதியில் 2 லேன். பதினெட்டை வென்றவருக்கு இரண்டு எந்த மூலைக்கு என்பது மாமாவின் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. பாடம்தான் வேறு.

ஏனென்றால் 401இல் யாரும் திரும்புவதே இல்லை. பக்கத்துப் பாதையால் ஓடி, வேகத்தைக் கூட்டி, ஓடுகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதுதான் அங்கே ஏறும் முறை. எதிரே வருகிறவர்கள் கொங்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம். முப்பது வருடமாக மாமா ஒரே திசையில் போகிறவர்களோடு மட்டுமே போயிருக்கிறார். எதிரே வரும் கண்டி பஸ்ஸின் முகத்தை அவர் முதன்முதலாகப் பார்ப்பது மாத்தளையில்தான். பார்த்த உடனே அவருக்குச் சாமி நினைவு வந்துவிடுகிறது. பஸ்ஸின் நெற்றியிலும் சாமி படம்தான் இருக்கிறது.

லைசன் விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் வெளிநாட்டு லைசனைத் தூக்கிக்கொண்டு வேரஹெரவுக்கு அலைய வேண்டும். 2025இல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக லைசன் கொடுக்கக் கருமபீடம் திறந்துவிட்டார்கள். பெட்டி வந்து சேருவதற்கு முன்னால் மாமாவின் கையில் லைசன் வந்துவிட்டது. இலங்கை அரசாங்கம் தன் வாழ்நாளில் தனக்கு இவ்வளவு சீக்கிரம் எதையும் தந்ததில்லை என்று அவர் நெகிழ்ந்துபோனார். லைசன் வாங்கிய வேகத்தை வைத்து ஓட்டும் வேகத்தை அவர் முடிவு செய்திருக்கக் கூடாது.

முதல் நாள் காலை நல்ல நேரம் பார்த்து, தேசிக்காய் வைத்து, மாமா வேனின் இடப்பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஸ்டியரிங் இல்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று இந்த மாமாக்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னாலிருக்கும் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவார்கள். அதில் வாடகைக்காரரின் பழைய பற்றுச்சீட்டும் ஒரு விபூதிப் பொட்டலமும் இருந்தன. மாமா விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு, அதற்காகவே ஏறியதுபோல் இறங்கிச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினார்.

அடுத்தது சிக்னல். ஜப்பானிலிருந்து வரும் வேன்களில் சிக்னல் தண்டு ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம். கனடாக் கார்களில் இடப்பக்கம். கைக்கு இதெல்லாம் விளங்காது. முப்பது வருடம் பழகிய கை தானாகப் போய்ப் பழைய இடத்தைத் தட்டும். அங்கே இருப்பது வைப்பர். ஒரு சொட்டு மழை இல்லாத பங்குனி வெயிலில், வெளிநாட்டு மாமா ஒருவரின் வேன் கண்ணாடியை வைப்பர் கறகறவென்று துடைத்தால், அவர் எங்கேயோ திரும்பப் போகிறார் என்று பொருள். எந்தப் பக்கம் என்பதை வைப்பர் சொல்லாது. அது இரண்டு பக்கமும் போய் வருகிறது. எங்கள் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரப் பையன்கள் இதைப் பழகிவிட்டார்கள். "மாமா மழையைப் போட்டுட்டாரு, ஒதுங்குடா" என்பார்கள்.

மாமியின் பங்கு தனி. மாமி ஓட்டுவதில்லை, ஆனால் வேன் ஓடுவது மாமியின் வாயால்தான். "இடது பக்கம்! என்னங்க, இடது பக்கம்!" என்று சந்திக்குச் சந்தி சொல்லிக்கொண்டே வரவேண்டும். தொண்டை கட்டிப்போன பிறகு மாமிக்கு ஒரு யோசனை வந்தது. முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, மாமாவின் இடது கையில் நூல் கட்டச் சொன்னாள். நூல் இருக்கிற பக்கம்தான் நம்ம பக்கம் என்பது திட்டம். ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பிளைக்கு வலது கையிலதாம்மா கட்டணும்" என்று வலது கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். மாமி விடுவாளா? வெளியே வந்து, கடையில் இன்னொரு மஞ்சள் நூல் வாங்கி இடது கையில் தானே கட்டினாள். இப்போது மாமா சந்தியில் நின்று இடது கையைப் பார்க்கிறார், நூல் இருக்கிறது. வலது கையைப் பார்க்கிறார், அங்கேயும் இருக்கிறது. பின்னால் மூன்று லொறி ஹோர்ன் அடிக்கிறது.

சுவீடன் என்று ஒரு நாடு. 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி விடியற்காலையில் நாட்டையே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஐந்து மணிக்குப் பழைய பக்கம் முடிந்தது, புதுப் பக்கம் தொடங்கியது. ஒரு நாடு ஒரு காலையில் செய்த வேலையை மாமா நாலு கிழமை லீவில் செய்ய முயல்கிறார். அவர் பழகி முடிக்கும் நாளில் பிளேன்.

ஒரு பக்கத்துப் பாதையிலிருந்து பெரிய பாதைக்கு ஏறும்போது எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கனடாவில் முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும்; கழுத்து அந்தப் பக்கமே பழகியிருக்கிறது. இங்கே முதல் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். மாமா இடப்பக்கத்தைக் கவனமாக, ஆற அமரப் பார்த்து, "ஒருத்தனும் இல்லை" என்று சந்தோஷமாகக் காலெடுக்கிற நேரம், வலப்பக்கம் ஓர் ஆட்டோ, இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மரக்கறி லொறி. ஆட்டோக்காரன் கையை விரித்து ஏதோ சொல்லிவிட்டுப் போவான். என்ன சொன்னான் என்று பின் சீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். "வணக்கம் சொல்றான்" என்பார் மாமா.

லண்டன் மாமாவுக்கு இந்தக் கழுத்துக் கோளாறு கிடையாது. அங்கேயும் இடப்பக்கம்தான், சிக்கல் வேறிடத்தில். லண்டனில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் "நீங்கள் முதலில் போங்கள்" என்று மரியாதை. இங்கே லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ வராதே". அதே லைட், அதே இரண்டு தரம். பலாப்பத்வலைப் பக்கம் ஒரு வாசனைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த லண்டன் மாமா, எதிரே தம்புள்ளை பஸ் லைட் அடித்ததைப் பார்த்துக் கையைத் தூக்கி நன்றி சொல்லிக்கொண்டே பாதைக்கு ஏறினார். பஸ் பிரேக் பிடித்த சத்தத்தில் தோட்டத்துக் கறுவாப்பட்டை விற்பவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இதற்குப் பிறகு அவருக்கு முன்னால் போகும் லொறி வலப்பக்கச் சிக்னல் போட்டால் என்ன பொருள், இடப்பக்கம் போட்டால் என்ன பொருள் என்பதையும் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் போட்டால் சில வேளை அவன் திரும்புகிறான். சில வேளை "முந்தாதே, எதிரே வண்டி" என்கிறான். இடப்பக்கம் போட்டால் சில வேளை நிற்கப் போகிறான்; சில வேளை "போ" என்கிறான். எந்த வேளை எது என்பது லொறிக்காரனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் வெளிச்சம்.

சுவிஸ் மாமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போர்டு இல்லாத சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கே முதலிடம் என்பது அவர் ஊர்ச் சட்டம். அந்தச் சட்டத்தை உக்குவளை சந்திக்கு அவர் கொண்டுவந்தார். சந்திக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

நம் மாமாவுக்கு வருவோம். தம்புள்ளையில் நடந்ததுதான் அவருடைய சரித்திரத்தில் பெரிய அத்தியாயம்.

தம்புள்ளை டவுனில் பாதை அகன்று, நடுவில் திட்டும் வந்துவிடுகிறது. மொத்த விலைச் சந்தைக்கு வரும் மரக்கறி லொறிகள், திருகோணமலை போகும் பஸ், யாழ்ப்பாணம் போகும் பஸ், இவற்றுக்கு நடுவே யாருக்கும் அஞ்சாத சைக்கிள்காரர்கள். மாமா மேற்குப் பக்கச் சாப்பாட்டுக் கடையில் பகல் சோறு சாப்பிட்டுவிட்டு, மாத்தளைக்குத் திரும்ப வேனை எடுத்தார். மாத்தளை தெற்கே, அதாவது வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் பாதியைக் கடந்து, திட்டின் இடைவெளியில் நின்று, இரண்டாம் பாதியைப் பார்த்து ஏற வேண்டும். சின்னக் கார் என்றால் இடைவெளிக்குள் அடங்கி நிற்கும். ஒன்பது பேரை ஏற்றிய கேடிஎச் வேன் அடங்காது. வால் வெளியே நிற்கும். வண்டி அடங்காத இடைவெளியை இடைவெளி என்றே எண்ணக்கூடாது, இரண்டு பக்கமும் ஒன்றாகக் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். இதை மாத்தளையில் ஆட்டோ ஓட்டும் மருமகன் பின் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டு பக்கமும் ஒன்றாகக் காலியாவது தம்புள்ளையில் அபூர்வம். மாமா காத்திருந்தார். வலப்பக்கம் விட்டால் இடப்பக்கம் வருகிறது, இடப்பக்கம் விட்டால் வலப்பக்கம். சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே வந்து, வேன் பழுதா என்று கேட்டார். ஒரு தரம் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமி நேர்த்தி வைத்தாள்.

"மாமா, இடது பக்கம் திரும்புங்க. கொஞ்ச தூரம் போய், நல்ல இடமா பார்த்துத் திருப்பிக்கிட்டு வரலாம். எங்க ஆளுங்களே அப்படித்தான் செய்வாங்க" என்றான் மருமகன்.

யோசனை சரிதான். இடப்பக்கம் திரும்பும்போது யாரையும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. போகிற கூட்டத்தோடு சேர்ந்தால் போதும். மாமாவின் முகம் மலர்ந்தது. முப்பது வருட வித்தைக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. சரசரவென்று ஏறினார், வேகத்தைக் கூட்டினார், அழகாகச் சேர்ந்துகொண்டார். பார்த்தவர்கள் மெச்சும்படி ஓட்டினார். ஒரே ஒரு குறை. திருப்புவதற்கு மறுபடியும் வலப்பக்கம் திரும்பத்தானே வேண்டும்?

மணிக்கூட்டுக் கோபுரம் போனது. பெற்றோல் ஷெட் போனது. "இங்க திருப்பலாம் மாமா." "பின்னால பஸ் வருது." "இங்க?" "முன்னால லொறி." மாத்தளை மாவட்டம் முடிந்து அநுராதபுர மாவட்டம் தொடங்கியது. கெக்கிராவையில் ஒரு பேக்கரி வாசலில், இடப்பக்கமாகவே ஒதுக்கி, மாமா வேனை நிறுத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "பிள்ளைகளுக்குக் கலாவாவியைக் காட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்" என்றார். கலாவாவியை அன்று அவர்கள் உண்மையாகவே பார்த்தார்கள். தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய குளம். மாமா அதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். திரும்பி வரும்போது வேனை ஓட்டியது மருமகன்.

ஆனால் இந்த மாமாக்கள் தோற்றுப்போகிற ரகம் இல்லை. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து பாதையை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். பஸ் வலப்பக்கம் திரும்பினால் ஊரே நிற்கிறது. ஆகவே பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரும்பிவிடலாம். மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. பஸ் டிரைவர் பார்த்துத் திரும்புவது பஸ்ஸுக்கு மட்டும் போதுமான இடத்தை. பின்னால் வருகிறவருக்குத் தெரிவது பஸ்ஸின் முதுகு மட்டும்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சிகிரியாவுக்குப் போகிற நாள் வந்தது. தம்புள்ளையிலிருந்து ஹபரணைப் பாதையில் போய், இனாமலுவையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே திருகோணமலைப் பக்கத்து வண்டிகள் விட்டடித்துக்கொண்டு வரும் இடம் அது. மாமா வேனைத் தம்புள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். சிகிரியா பஸ்ஸின் மிதிபலகையில் நின்ற கொண்டக்டரிடம் தன் பழைய மாத்தளைச் சிங்களத்தில் விசாரித்தார்.

"தம்பி, இந்த பஸ் இனாமலுவையில வலப்பக்கம் திரும்பும்தானே?"

"திரும்பாம சிகிரியாவுக்கு எப்படிப் போறது? ஏறுங்க."

"ஏற இல்லை. பின்னால வாறேன்."

கொண்டக்டர் வேனைப் பார்த்தார். வெயிலில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் விளங்கிவிட்டது. "பின்னால வாறதுக்கும் அரை டிக்கட் இருக்கு ஐயா" என்றார்.

மாமா சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மாமியும் பிள்ளைகளும் மருமகனும் வேனிலிருந்து இறங்கிப் பையோடு வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமி கைப்பையைத் திறந்து, "எங்களுக்கு முழு டிக்கட். இவருக்கு நீங்க சொன்ன அரை" என்றாள்.