குனிந்து கும்பிட்டு ஒரு கொள்ளை

டோக்கியோவில் வாடகைக்குக் குடிபோகிறவர் முதலில் வீட்டுக்காரருக்குக் காணிக்கை வைக்க வேண்டும். ரெய்கின் என்பார்கள். நம்மிடம் மாதாமாதம் வாடகை வாங்கிக்கொள்ளச் சம்மதித்த பெருந்தன்மைக்கு நாம் செலுத்தும் நன்றி. திரும்பி வராது.

வாடகை 80,000 யென் என்று வையுங்கள். ரெய்கின் ஒரு மாதம், முன்பணம் ஒரு மாதம், முதல் வாடகை, தரகருக்கு ஒரு மாதம், அதன்மேல் 10 சதவீதம் வரி. பிறகு ஜாமீன் கம்பெனி. அது காப்பாற்றுவது வீட்டுக்காரரை. கட்டணம் மட்டும் நம் தலையில். தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து நாலு லட்சம் யென்னை எண்ணிவைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. கூரையில் விளக்கு மாட்டும் இடம் மட்டும் இருக்கும். விளக்கை நாம்தான் வாங்க வேண்டும். பல வீடுகளில் அடுப்பும் அப்படியே.

இரண்டு வருஷம் ஒழுங்காக வாடகை கட்டியவருக்குப் பரிசும் உண்டு: புதுப்பிப்புக் கட்டணமாக இன்னொரு மாத வாடகை! இது என்ன நியாயம் என்று குடித்தனக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தொகை அளவுமீறாதவரை செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே முத்திரை குத்திவிட்டது.

இவ்வளவும் கொடுக்கத் தயார் என்றாலும் வீடு கிடைக்க வேண்டுமே. தரகர் நம் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்று குழைவார். பதில் கேட்டதும் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்பார். 2017இல் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டினரில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தனியாக வாழும் சொந்த நாட்டுக் கிழவிக்கும் இதே கும்பிடுதான். வீட்டுக்குள் செத்துவைத்தால் அடுத்து யார் வருவார் என்ற கவலை. 2023 கணக்குப்படி அந்த நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மனிதரை வைப்பதைவிடத் தூசியை வைப்பது கௌரவம் போலும்.

நல்லது இல்லாமலில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் உள்ளே நுழைந்துவிட்டால் தக்க காரணமின்றி யாரும் நம்மை வெளியேற்ற முடியாது; சட்டம் அப்படி. 1981க்குப் பிந்தைய விதிப்படி கட்டிய வீடு பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தும்மலைத்தான் சுவர் தாங்காது.

போகிறவர்கள் முதலில் யூஆர் என்னும் அரசு சார்ந்த குடியிருப்புகளைக் கேளுங்கள். வருமானம் காட்டினால் போதும். ரெய்கின், தரகு, புதுப்பிப்பு, ஜாமீன் எதுவும் கிடையாது. டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் நம்மவர்கள் கூட்டமாகக் குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.